இரண்டாவது இயங்குதளம் போடும்போது பார்ட்டிஷன் ஏன் மக்கர் பண்ணுகிறது?

விண்டோஸ் இருக்கும் கணினியில் லினக்ஸையும் போட்டுப் பார்க்கலாம் என்று உட்காருகிறவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். மொழி, விசைப்பலகை, நேரம் எல்லாம் தேர்ந்தெடுத்தாயிற்று. அடுத்த திரையில் டிஸ்க் வருகிறது. 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்ற வாய்ப்பையே காணோம். சிலருக்கு, வருடக்கணக்காகக் கோப்புகள் சேர்த்து வைத்திருக்கும் டிஸ்க் முழுக்கக் காலி என்று காட்டுகிறது. இன்னும் சிலருக்கு டிஸ்க் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் காரணங்கள் வேறு வேறு. டிஸ்க்கே பழுதாகியிருப்பது அபூர்வம். கணினியை எழுப்பும் ஃபர்ம்வேர், டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் பார்ட்டிஷன் அட்டவணை, பார்ட்டிஷனுக்குள் இருக்கும் கோப்பு முறைமை என்று மூன்று அடுக்குகள் உண்டு. ஒன்று சொல்வதை இன்னொன்று ஏற்காதபோதுதான் இன்ஸ்டாலர் முரண்டு பிடிக்கும். சிக்கல் எந்த அடுக்கில் என்று பார்க்காமல் கையில் கிடைத்த பட்டனை அழுத்தும்போதுதான் தரவு போகிறது.

நான்குக்கு மேல் இல்லை

டிஸ்க்கில் பார்ட்டிஷன் பிரிப்பதால் உள்ளே எதுவும் உடைவதில்லை. இந்த செக்டாரில் (டிஸ்க்கின் எண்ணிட்ட சிறு துண்டு) தொடங்கி இத்தனை செக்டார் வரை ஒரு பகுதி என்று அட்டவணையில் ஒரு பதிவு விழுகிறது, அவ்வளவுதான். பத்திரத்தைக் கிழித்துப் போட்டாலும் நிலம் கிடந்த இடத்தில்தான் கிடக்கும்; பார்ட்டிஷன் பதிவுக்கும் தரவுக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது.

அந்த அட்டவணையின் பழைய வடிவம் எம்பிஆர் (மாஸ்டர் பூட் ரெக்கார்ட்). 1983-ல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியோடும் பிசி டாஸ் 2.0-வோடும் வந்தது. டிஸ்க்கின் முதல் செக்டாருக்குள், அதாவது 512 பைட்டுக்குள், எல்லாம் அடங்கியாக வேண்டும். துவக்க நிரலுக்கு 446 பைட் போய்விடுகிறது. கடைசி 2 பைட் அடையாளக் குறி. மிச்சம் 64 பைட். ஒரு பார்ட்டிஷனை எழுத 16 பைட் வேண்டும். ஆக நான்கு பிரைமரி பார்ட்டிஷன், அதற்கு மேல் இடமில்லை. செக்டார் எண்ணை எழுத 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதால், வழக்கமான 512 பைட் செக்டார் கொண்ட டிஸ்க்கில் சுமார் 2.2 டிபிக்கு அப்பால் இருப்பது எம்பிஆருக்கு எட்டாது.

விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்புகள் பலவற்றில் இந்த நான்கு இடங்களும் கடையிலிருந்து வரும்போதே நிரம்பியிருக்கும்: சிஸ்டம் ரிசர்வ்டு என்று ஒரு சின்னப் பகுதி, சி டிரைவ், டி டிரைவ், தயாரிப்பாளர் வைத்த மீட்புப் பகுதி. சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி காலியாக்கி வைத்திருப்பீர்கள். லினக்ஸ் இன்ஸ்டாலரில் அந்த 100 ஜிபியும் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அதன் பக்கத்தில் 'அன்யூசபிள்' என்று எழுதியிருக்கும். இடம் இருக்கிறது, எழுத ஐந்தாவது வரிதான் இல்லை.

இந்த நேரத்தில் விண்டோஸுக்குத் திரும்பிப் போய் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தக் காலி இடத்தைப் புதுப் பார்ட்டிஷனாக்கப் பார்ப்பார்கள். ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும்: இதைச் செய்தால் பேசிக் டிஸ்க் டைனமிக் டிஸ்க்காக மாறும், சம்மதமா? சம்மதம் என்று அழுத்திவிட்டால் அப்புறம் வேலை இரட்டிப்பு. டைனமிக் டிஸ்க் என்பது விண்டோஸுக்கே உரிய தனி ஏற்பாடு. லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் அதில் இடம் பிரிக்க முடியாமல் நின்றுவிடும். விண்டோஸின் சொந்தக் கருவியால் திரும்ப பேசிக் ஆக்க வேண்டுமென்றால் எல்லா வால்யூமையும் அழித்தாக வேண்டும். ஆகவே அந்தப் பெட்டியில் 'வேண்டாம்' என்பது மட்டுமே சரியான பதில்.

எம்பிஆர் டிஸ்க்கில் முறையான வழி, நான்கில் ஒன்றின் தரவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதை நீக்கி, அந்த இடத்தில் எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் போடுவது. அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் எத்தனை வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். லினக்ஸ் இவற்றுக்கு 5-லிருந்து எண் கொடுப்பது இதனால்தான். முதல் நான்கு எண்களும் பிரைமரிக்கு என்று வைத்தாயிற்று. இங்கேயும் ஒரு சங்கடம் உண்டு. எக்ஸ்டென்டட் எல்லைக்கு உள்ளே இருக்கும் காலி இடத்தை லாஜிக்கலுக்கு மட்டும்தான் கொடுக்க முடியும். எல்லைக்கு வெளியே, ஒட்டியபடியே இருக்கும் காலி இடம் அதோடு சேராது. இரண்டும் திரையில் அடுத்தடுத்து ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும்போது ஏன் சேர மாட்டேன் என்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எல்லையை முதலில் விரித்தால் தானாகச் சேரும்.

லினக்ஸை நிறுவாமலே ஓட்ட உதவும் லைவ் பென் டிரைவிலிருந்து, பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டட் நிரலைத் திறந்து எல்லையை மாற்றப் போனால், பூட்டு அடையாளம் போட்டு எதையும் தொடவிடாமல் வைத்திருப்பதும் நடக்கும். பழைய லினக்ஸ் நினைவகத்துக்குத் துணையாக வைத்த ஸ்வாப் பகுதி எக்ஸ்டென்டடுக்குள் இருந்தால், லைவ் அமர்வு அதைத் தன் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கும். அந்த ஸ்வாப்மேல் வலது கிளிக் செய்து ஸ்வாப்-ஆஃப் கொடுத்தால் பூட்டு திறந்துவிடும்.

ஜிபிடி வந்த பிறகு

எம்பிஆருக்குப் பதிலாக வந்த புதிய அட்டவணை வடிவமான ஜிபிடி இந்த நெருக்கடிகளை எல்லாம் ஒரே அடியாகத் தீர்த்தது. வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடம், 64 பிட் செக்டார் எண், பிழை கண்டுபிடிக்கச் சரிபார்ப்புத் தொகை, அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியில். பழைய கருவிகள் தெரியாமல் கைவைத்துவிடக் கூடாது என்பதற்காக முதல் செக்டாரில் 'டிஸ்க் முழுக்க ஒரே பார்ட்டிஷன்' என்று சொல்லும் ஒரு பாதுகாப்பு எம்பிஆரும் இருக்கும்.

ஜிபிடியோடு சேர்ந்து வந்தது, பழைய பயாஸ் ஃபர்ம்வேருக்கு மாற்றான யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர். இன்று வரும் சிக்கல்களில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது. விண்டோஸ் இதில் கறார்: யூஇஎஃப்ஐ முறையில் துவங்கினால் ஜிபிடி டிஸ்க்தான் வேண்டும், பழைய பயாஸ் முறையில் துவங்கினால் எம்பிஆர்தான் வேண்டும். முறை மாறினால், 'தேர்ந்தெடுத்த டிஸ்க் ஜிபிடி வகை, இதில் விண்டோஸ் நிறுவ முடியாது' என்றோ அதற்கு நேர்மாறாகவோ விண்டோஸ் அமைப்பு சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு டிஸ்க்கை அழித்து வகை மாற்றுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அவசியமே இல்லை. பென் டிரைவைத் தவறான முறையில் துவக்கியிருப்பார்கள், அவ்வளவுதான்.

இதை நேரில் பார்க்கலாம். இரண்டு முறைகளையும் ஆதரிக்கும் கணினிகளில் பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை பட்டியலில் இருக்கும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும், மற்றது வெறும் பெயர். ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் எந்த முறையில் ஓடுகிறதோ அந்த முறையில்தான் இரண்டாவதையும் நிறுவ வேண்டும். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் பயாஸ் மோட் என்ற வரி அதைச் சொல்லிவிடும். டிஸ்க் எந்த வகை என்று தெரிய, விண்டோஸின் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் டிஸ்க்குகளைப் பட்டியலிட்டால் போதும். கடைசியில் ஜிபிடி என்ற பத்தியின் கீழே நட்சத்திரக் குறி இருந்தால் ஜிபிடி, வெறுமையாக இருந்தால் எம்பிஆர்.

லினக்ஸ் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் போகும். பயாஸ் முறையிலும் ஜிபிடி டிஸ்க்கில் நிறுவ விடும். அதுவே ஒரு பொறி. விண்டோஸ் யூஇஎஃப்ஐயில், லினக்ஸ் பயாஸில் என்று நிறுவல் நல்லபடியாக முடிந்துவிடும். மறுதுவக்கம் செய்தால் ஒரு மெனுவிலும் இன்னொன்று தெரியாது, ஏனென்றால் ஒரு முறையில் துவங்கிய கிரப் (லினக்ஸோடு வரும் துவக்க மெனு நிரல்) மறு முறையிலிருக்கும் விண்டோஸை எழுப்ப முடியாது. ஒவ்வொரு தடவையும் ஃபர்ம்வேர் அமைப்புக்குள் போய் முறையை மாற்ற வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, பயாஸ் முறையில் ஜிபிடி டிஸ்க்கில் கிரப் உட்காரத் தனியாக 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் கேட்கும். எம்பிஆரில் முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் இருக்கும் இடைவெளியில் கிரப் தன் நிரலைச் செருகி வைத்துக்கொள்ளும்; ஜிபிடியில் அந்த இடத்தில் அட்டவணையே இருப்பதால் அப்படிச் செருக வழியில்லை.

விண்டோஸே எம்பிஆரில் இருந்து, கணினி யூஇஎஃப்ஐயை ஆதரித்தால், எல்லாவற்றையும் அழிக்காமல் மாற்ற ஒரு வழி இருக்கிறது. 2017-ல் விண்டோஸ் 10-இன் 1703 பதிப்போடு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி வந்தது. தரவைத் தொடாமல் அட்டவணையை மட்டும் மாற்றித் தரும். பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டென்டட் இருக்கவே கூடாது என்பது அதன் நிபந்தனை. மாற்றியபின் ஃபர்ம்வேரையும் யூஇஎஃப்ஐ முறைக்குத் திருப்ப மறந்தால் கணினி எழும்பாது.

காலியாகத் தெரியும் டிஸ்க் காலி இல்லை

விண்டோஸ் நன்றாக ஓடுகிறது, ஆனால் லினக்ஸ் இன்ஸ்டாலரோ டிஸ்க் முழுவதும் ஒதுக்கப்படாத இடம் என்கிறது. பீதி அடைய வேண்டாம், 'இப்போது நிறுவு' பட்டனையும் அழுத்த வேண்டாம். முன்பு ஒரு காலத்தில் ஜிபிடியாக இருந்து, பிறகு ஏதோ ஒரு கருவியால் எம்பிஆராக மாற்றப்பட்ட டிஸ்க்கில் பழைய ஜிபிடி தலைப்பு அழியாமல் தங்கியிருக்கலாம். விண்டோஸ் எம்பிஆரை மட்டும் படித்துக்கொண்டு போய்விடும். லினக்ஸ் கருவி இரண்டையும் பார்த்துக் குழம்பி எதையும் நம்பாது. ஃபிக்ஸ்பார்ட்ஸ் என்ற சின்ன நிரல் அந்த எச்சத்தை மட்டும் துடைத்துவிடும்.

மற்றொரு காரணம், அட்டவணையில் இரண்டு பார்ட்டிஷன்களின் எல்லை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது, அல்லது கடைசிப் பார்ட்டிஷன் டிஸ்க்கின் முடிவைத் தாண்டிப் போயிருப்பது. பெரிய டிஸ்க்கின் பிரதியை சற்றே சிறிய டிஸ்க்கில் எழுதினால் இப்படி ஆகும். லினக்ஸின் பெரும்பாலான இன்ஸ்டாலர்களுக்கு அடியில் இருக்கும் பார்ட்டட் நிரல்தொகுப்பு இத்தகைய பிழையைப் பார்த்ததும் அட்டவணை முழுவதையும் நிராகரித்துவிடுகிறது. ஒரு வரி தப்பு என்று சொல்லாமல் மொத்த டிஸ்க்கையும் காலி என்று காட்டுவது மோசமான வடிவமைப்பு என்றுதான் சொல்வேன்.

டிஸ்க்கே பட்டியலில் இல்லை என்றால் அது வேறு கதை. இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற சேமிப்பு நிர்வாக அடுக்கு, டிஸ்க்குக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். லினக்ஸ் இன்ஸ்டாலர் மட்டுமல்ல, புதிதாக விண்டோஸ் போடும்போதும் அதற்கான டிரைவர் இல்லாமல் டிஸ்க் தெரியாமல் போகும். ஃபர்ம்வேரில் அந்த அடுக்கு குறுக்கிடாத ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் சட்டென்று மாற்றிவிட்டால் இருக்கும் விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். விண்டோஸை முதலில் சேஃப் மோடில் துவங்கும்படி அமைத்து, மறுதுவக்கத்தின் நடுவே ஃபர்ம்வேரில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை எழுந்ததும் அந்த அமைப்பை நீக்கினால் சரியாகப் போகும்.

சுருக்க மறுக்கும் சி டிரைவ்

சி டிரைவில் 300 ஜிபி காலி என்று காட்டும். ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்தால் 9 ஜிபிதான் தருவேன் என்கிறது. சுருக்குவது என்றால் வால்யூமின் கடைசியிலிருந்து வெட்டுவது. அந்தக் கடைசிப் பகுதியில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருந்தால் அதற்கு முன்னால் வெட்ட முடியாது, நடுவில் எவ்வளவு இடம் இருந்தாலும் சரி. வழக்கமான குற்றவாளிகள் ஹைபர்னேஷன் கோப்பு, பேஜ் கோப்பு, சிஸ்டம் ரீஸ்டோரின் நிழல் பிரதிகள், விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸின் கோப்புப் பட்டியல் (எம்எஃப்டி). எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. சுருக்கும் முயற்சி முடிந்ததும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவில் 259 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடுங்கள். வழியை மறித்த கடைசிக் கோப்பின் பெயர் அதில் இருக்கும். முதல் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, மறுதுவக்கம் செய்து, மறுபடி சுருக்கினால் பெரும்பாலும் வழிவிடும்.

சுருக்குகிற வேலையை விண்டோஸுக்குள்ளேயே செய்வதுதான் நல்லது. இப்போதைய கணினிகளில் பிட்லாக்கர் குறியாக்கம் உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட வால்யூமை ஜிபார்ட்டட் சுருக்காது. ஃபர்ம்வேரிலோ துவக்க வரிசையிலோ மாற்றம் கண்டால் அடுத்த துவக்கத்தில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண்ணை வேறொரு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் இதோடு சேர்த்து அணைத்துவிடலாம். விண்டோஸ் 8-லிருந்து, ஷட் டவுன் என்று அழுத்தினாலும் விண்டோஸின் உட்கரு உறங்கத்தான் போகிறது. கோப்பு முறைமை பாதி திறந்த நிலையில் இருக்கும். லினக்ஸ் அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் அல்லது இணைக்கவே மறுக்கும். எரிச்சலாக இருந்தாலும் அது நன்மைக்குத்தான். அந்த நிலையில் வலுக்கட்டாயமாக எழுதினால், விண்டோஸ் விழித்ததும் தன் நினைவில் இருக்கும் பழைய நிலையை மேலெழுதிக் கோப்புகளைக் குலைத்துவிடும்.

இன்ஸ்டாலரில் எந்தப் பகுதி நாம் ஒதுக்கியது என்று அடையாளம் காண்பதில் ஒரு சின்னத் தடுமாற்றம் வரும். விண்டோஸ் ஜிபி என்று போட்டுவிட்டு 1024-ன் அடுக்கில் கணக்குப் போடுகிறது. உபுண்டு இன்ஸ்டாலர் போன்றவை 1000-ன் அடுக்கில். விண்டோஸில் 100 ஜிபி என்று சுருக்கியது அங்கே 107 ஜிபி என்று தெரியும். 7 ஜிபி எங்கிருந்து முளைத்தது என்று சந்தேகப்பட்டு வேறு பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

அந்த 100 எம்பி

யூஇஎஃப்ஐ கணினியில் எல்லாவற்றுக்கும் மேலாகக் காக்க வேண்டியது துவக்கக் கோப்புகள் இருக்கும், ஃபேட்32 வடிவிலுள்ள இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். விண்டோஸ் தன் வழக்கப்படி 100 எம்பிக்கு உருவாக்கியிருக்கும். ஒவ்வொரு இயங்குதளமும் அதில் தனக்கென ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளும், ஆகவே இரண்டாவதற்குத் தனியாக இன்னொன்று வேண்டியதில்லை. நாமே பிரித்துக்கொள்ளும் முறையில் போகும்போது இதைத் தேர்ந்தெடுத்து, 'ஃபார்மட்' கட்டத்தில் டிக் இல்லை என்பதை இரண்டு தடவை பாருங்கள். டிக் இருந்தால் விண்டோஸ் முழுசாக இருந்தும் அதை எழுப்ப ஆள் இல்லாமல் போகும். சில லினக்ஸ் வகைகள் கெர்னலையே (உட்கருவையே) இந்தப் பகுதியில் வைக்கும். அவற்றுக்கு 100 எம்பி போதாது. இது நிரம்பிவிட்டால் விண்டோஸ் அப்டேட்டும் இதையே சிஸ்டம் ரிசர்வ்டு பகுதி என்று அழைத்து, அதை மேம்படுத்த முடியவில்லை என்று கைவிரிக்கும்.

இரண்டு டிஸ்க் இருக்கும் கணினியென்றால், விண்டோஸ் அமைப்பு தான் போகும் டிஸ்க்கை விட்டுவிட்டு மற்ற டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பகுதியில் துவக்கக் கோப்புகளை வைத்துவிடுவது உண்டு. பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றினால் இதுவும் துவங்காது. நிறுவும்போது மற்ற டிஸ்க்கைக் கழற்றி வைப்பதுதான் கச்சிதமான தீர்வு. வாய்ப்பு இருந்தால் ஒரு டிஸ்க்குக்கு ஒரு இயங்குதளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மேலே சொன்ன தலைவலிகளில் பாதி அதோடு தீரும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று

விண்டோஸை இரண்டாவதாகப் போட்டால் அது துவக்க வரிசையில் தன்னை முன்னால் வைத்துக்கொள்ளும். பயாஸ் காலத்தில் முதல் செக்டாரின் துவக்க நிரலையே மேலெழுதிவிடும். யூஇஎஃப்ஐயில் வரிசை மட்டும்தான் மாறியிருக்கும், லினக்ஸின் துவக்கக் கோப்பு இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். ஃபர்ம்வேர் அமைப்பில் வரிசையைத் திருப்பினால் போதும்.

கருந்திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நின்றால், கிரப் தன் மற்ற கோப்புகளைத் தேடி அந்தப் பார்ட்டிஷன் கிடைக்காமல் தவிக்கிறது என்று பொருள். லினக்ஸ் பகுதியை விண்டோஸிலிருந்து யாராவது அழித்திருக்கலாம். அல்லது விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று புதிதாக ஒரு மீட்புப் பகுதியைச் செருகியதில் பார்ட்டிஷன் எண்கள் மாறியிருக்கலாம். முதல் வகையில் விண்டோஸின் துவக்கத்தைச் சரிசெய்தால் முடிந்தது. இரண்டாவதில் லைவ் பென் டிரைவிலிருந்து கிரப்பை மறுபடி நிறுவினால் சரியாகும்.

தவறான பார்ட்டிஷனையே நீக்கிவிட்டால்? உடனே நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். வேறு பென் டிரைவில் துவங்கி டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரலை ஓட்டினால், அது செக்டார் செக்டாராகத் தேடி, கோப்பு முறைமைகளின் தொடக்க அடையாளங்களைக் கண்டுபிடித்து, தொலைந்த பதிவை மறுபடி எழுதித் தரும். எழுதுவதற்கு முன் அந்தப் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டும் காட்டும். தெரிந்த பெயர்கள் தென்பட்ட பிறகு எழுதச் சொன்னால் போதும். ஃபார்மட்டும் செய்துவிட்டிருந்தால் நிலைமை வேறு. எஸ்எஸ்டியில் லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவம் போடும்போதே பழைய தொகுதிகள் எல்லாம் இனி வேண்டாம் என்று டிஸ்க்குக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. அதன்பின் டிஸ்க் அவற்றைத் தானே துடைத்துவிடும்; அங்கே எந்தக் கருவிக்கும் தேடிப் பிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும், மேலே எதுவும் எழுதப்படாத வரை, கோப்புகளை ஓரளவு மீட்க முடியும்.